மங்கு வைத்த கட்டில்

கடைசிக் கட்டிலின் கால்களுக்கு அடியில் இருந்த தண்ணீர் வெளுத்திருந்தது.

மாலை விளக்கை ஏற்றிக்கொண்டு வந்த நர்ஸ் ஐலீன் அதைப் பார்த்துவிட்டு நின்றாள். பாலோ ஊருக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டங்கள் சில சேர்ந்து நடத்திய அந்த ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில், எறும்பு ஏறாமலிருக்க எல்லா இரும்புக் கட்டில்களின் கால்களும் தண்ணீரும் மண்ணெண்ணெயும் ஊற்றிய காலிப் பால் டின்களில் நின்றன. டின் தீர்ந்துபோனதால், புதிதாகப் போட்ட கடைசிக் கட்டிலுக்கு மட்டும் ஆயா கிருஷ்ணம்மா ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் மண் மங்குகளை வைத்திருந்தாள். டின்களில் எண்ணெய் மினுங்கியது. மங்குகளில் மினுக்கம் இல்லை. ஐலீன் குனிந்து விரலை நனைத்து முகர்ந்தாள். மண்ணெண்ணெய் வாடையே இல்லை. பால் வெட்டிவிட்டு வரும் பெண்களின் பாவாடையில் எத்தனை துவைத்தாலும் போகாத அந்தப் புளித்த வாடைதான் இருந்தது.

"கிருஷ்ணம்மாக்கா, இங்க கஞ்சி எதுவும் கொட்டிட்டீங்களா?"

"குடிக்கவே கஞ்சி பத்தல, கொட்டறதுக்கு எங்க போறது மிஸ்ஸி?" என்றாள் கிருஷ்ணம்மா, கூட்டுவதை நிறுத்தாமல்.

நாம்தான் நேற்றுத் தண்ணீர் மாற்ற மறந்திருப்போம் என்று ஐலீன் நினைத்தாள். எது தவறிப்போனாலும் அவளுக்கு முதலில் தன்மேல்தான் சந்தேகம் வரும். ஆனால் நேற்று மாற்றியது நன்றாக நினைவிருந்தது. மங்குகளைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, மண்ணெண்ணெய் விட்டாள். பிறகு தன் மேசைக்குப் போய், லோஷனில் நிறுத்தியிருந்த தெர்மாமீட்டர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். பழைய எனாமல் கோப்பை ஒழுகியதால், அவற்றுக்கும் கிருஷ்ணம்மா கொடுத்த ஒரு மங்குதான்.

கடைசிக் கட்டிலில் அங்கம்மா இரண்டு கைகளும் துணியால் கட்டப்பட்டு, கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். கட்டச் சொன்னவர் காயத்துக்கு மருந்து போடும் டிரெஸர் கிரகோரி. டாக்டர் வராத நாட்களில் ஆஸ்பத்திரியில் அவர் வைத்ததுதான் சட்டம். பள்ளக்காட்டு மரங்களில் பால் வெட்டமாட்டேன் என்று உளியைக் கீழே போட்டவளைக் கங்காணி செல்லப்பன் இழுத்துவந்து விட்டிருந்தான். வந்த நாளிலிருந்து, மழையில்லாத ஒவ்வொரு விடியலிலும் அவளுடைய முழங்காலுக்குக் கீழே ஒரு கீறல் விழுந்தது. தானே கீறிக்கொள்கிறாள் என்றார் டிரெஸர். அதற்கு மருந்து ஜோகூர் பாருவில் இருக்கும் பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான் என்றும் சொன்னார்.

அங்கே போனவர்கள் திரும்பி வந்ததைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் யாரும் பார்த்ததில்லை. அங்கம்மாவுக்கு லயத்தில் ஒரு மகள் இருந்தாள். தவழ்கிற பிள்ளை. பக்கத்து வீட்டு தனலெட்சுமி இப்போதைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தாள்.

ஐலீன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஜோகூர் பாருவில் பயிற்சிக்கு இருந்தபோது, பகல் வேலை முடிந்து கால் கடுக்க மாலை வகுப்புக்குப் போய் அவள் கற்றுக்கொண்ட முறை ஒன்று உண்டு. முகத்தைப் பார், பேச்சைக் கேள், தூக்கத்தையும் பசியையும் விசாரி, நாளும் இடமும் தெரிகிறதா என்று கேள். மறுக்காதே, ஒத்துப்போகவும் செய்யாதே. பைத்தியத்திடம் கேள்வி கேட்க ஒரு படிப்பா என்று கூடப் படித்தவர்களே சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அதைச் சரியாகச் செய்கிறோமா என்ற பயம் மட்டும் இன்றுவரை போகவில்லை.

"உங்க பேரு?"

"அங்கம்மா. காலையிலயும் அதேதான் சொன்னேன். இன்னும் மாறல."

"இது எந்த எடம்?"

"ஆஸ்பத்திரி. பைத்தியம் இல்லாதவங்களையும் கட்டி வைக்கற எடம்."

"இன்னிக்கு என்ன கெழம?"

"வியாழன். நாளைக்குக் காலையில டாக்டர் வருவாரு, அப்புறம் எனக்கு ரயிலு. டிரெஸர் ஐயா வாசல்ல நின்னு ஊருக்கே கேக்கற மாதிரி பேசுனாரு. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது மிஸ்ஸி."

ஐலீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

"மத்தவங்களுக்குக் கேக்காத சத்தம் ஏதாச்சும் உங்களுக்குக் கேக்குதா?"

அங்கம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே ரப்பர் மரங்கள் நேர்நேராக இருட்டிக்கொண்டு வந்தன.

"விடியறதுக்கு முன்ன முழிச்சிருந்தீங்கன்னா உங்களுக்கும் கேக்கும்."

"என்ன நடந்துச்சு? ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க."

அங்கம்மா சொன்னாள். தோட்டம் திறந்த காலத்தில் காய்ச்சலில் செத்தவர்களைப் பள்ளத்தில்தான் புதைத்தார்களாம். கல்லும் நடவில்லை, பேரும் எழுதவில்லை. பிறகு அந்த நிலத்தையும் விடாமல் அதன்மேலேயே கயிறு பிடித்து ரப்பர் நட்டார்கள். இந்த வருஷம்தான் அந்த மரங்கள் பாலுக்கு வந்தன. அந்த நெரை, அந்த மர வரிசை, வெட்டுவதற்கு அவளுக்கு விழுந்தது.

"மொத மரத்துல உளிய வச்சேன் மிஸ்ஸி. புள்ளைக்கு முள்ளு எடுக்கறப்ப வெடுக்குனு கால இழுத்துக்கும்ல? மரம் அப்படி இழுத்துக்கிச்சு. உளியக் கீழ போட்டுட்டேன். கங்காணி அடிச்சாரு. போட்டது போட்டதுதான்னு நின்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நான் வெட்டல." அங்கம்மா தன் காலைப் பார்த்தாள். "அதுங்க வெட்டுது."

மறுக்காதே, ஒத்துப்போகவும் செய்யாதே. ஐலீன் அவள் காலில் போட்டிருந்த கட்டைப் பிரித்தாள். முழங்காலுக்குக் கீழே, இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்ந்து, கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கியிருந்தன. ஒவ்வொன்றும் முந்தியதை ஒட்டி, தோலை நூலளவே சீவி எடுத்ததுபோல. பதறிய கை போட்ட கோடுகள் அல்ல. நன்றாகத் தொழில் தெரிந்த கை.

இன்று விடியலில் விழுந்த கோட்டின்மேல் பொருக்குத் தட்டியிருந்தது. அதை இடுக்கியால் பிடித்து மெல்லத் தூக்கினாள். பொருக்கு உடையவில்லை. நீண்டது. மஞ்சள் நாடாவாகக் காலிலிருந்து இடுக்கிவரை நீண்டு, விட்டதும் சுருண்டு இடுக்கியிலேயே ஒட்டிக்கொண்டது.

ஒட்டுப்பால். வெட்டிய பட்டையில் காய்ந்து கிடப்பதை மறுநாள் பால் வெட்டுகிறவள் உரித்து எடுப்பாளே, அது.

ஐலீன் இடுக்கியைக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். தன் கண்ணை நம்பலாமா என்று தெரியவில்லை. மேசைக்குப் போய், யாரும் பார்க்காமல் பாவாடையைச் சற்றுத் தூக்கி, மழுங்கிய பென்சிலால் தன் காலில், காலுறைமேலேயே கோடு போட்டுப் பார்த்தாள். வலது கையால் போட்டாள், இடது கையால் போட்டாள், குனிந்து போட்டாள், காலை மடக்கிப் போட்டாள். அந்தச் சாய்வு வரவேயில்லை. எதிரே ஒருவர் குத்தவைத்து உட்கார்ந்தால்தான் அப்படி வெட்ட முடியும்.

டிரெஸர் சாப்பிடப் புறப்படுமுன் வார்டு வாசலில் வந்து நின்றார். கெட்டவர் அல்ல. ஆனால் வேலை தள்ளிப்போகாமல் முடிய வேண்டும் அவருக்கு.

"ஐலீன், டாக்டருக்கு நீ ஒரு வரி எழுதிக் குடுக்கணும். பொம்பள வார்டுல ராத்திரி இருக்கறது நீதான? 'தானே கீறிக்கொண்டதைப் பார்த்தேன்.' அவ்வளவுதான்."

"நான் பார்க்கல சார்."

"பார்க்கலன்னா? வேற யாரு வந்து கீறுவா? எறும்பா?"

"தெரியல சார். நகத்த ஒட்ட வெட்டியாச்சு. கையையும் கட்டியாச்சு. அப்பறமும் வெட்டு விழுது. அவங்களுக்கு நாள் தெரியுது, எடம் தெரியுது, பேச்சு ஒழுங்கா இருக்கு. தெரியலன்னு எழுதலாம்."

"தெரியலன்னு எழுதறதுக்கா துரை ஆஸ்பத்திரி கட்டி வச்சிருக்காரு?"

ஐலீன் கடைசிக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னிக்கு ராத்திரி அவங்க கையக் கட்ட வேணாம் சார். ரெண்டு கையையும் என் கையில புடிச்சிக்கிட்டு நான் பக்கத்துல ஒக்கார்றேன். விடியறப்ப நீங்களே வந்து பாருங்க. அந்தக் கை என் கையிலயே இருந்துச்சுன்னா, அவங்கள பைத்தியம்னு நான் எழுதமாட்டேன்."

"எழுதலன்னா உனக்கு இங்க வேல இல்ல."

"சரி சார்."

கிரகோரி சுவரோரம் இருந்த குடையை எடுத்தார். "விடியறதுக்கு முன்ன வர்றேன். ஒரு நிமிஷம் கை விட்டாலும் எழுதிக் குடுத்துடணும்." குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினார். மழை ஆரம்பித்திருந்தது.

அவர் தலை மறைந்ததும் ஐலீன் வார்டின் பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள். சரி சார் என்று சொன்னது தன் வாய்தானா என்று இருந்தது. அவள் சம்பளத்தை நம்பி வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். ஒருவேளை தான் நினைப்பதெல்லாம் தப்பாகவும் இருக்கலாம். ஆனால் பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுத முடியாது. அது ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

கடைசிக் கட்டிலின் மங்குகள் மறுபடி வெளுத்திருந்தன.

"கிருஷ்ணம்மாக்கா. இந்த மங்க எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"பள்ளக்காட்டுலதான். இவ உளியப் போட்ட அன்னிலேர்ந்து அந்த நெரையில ஒருத்தியும் வெட்டப் போகல. மங்கு சும்மா கவுந்து கெடந்துச்சு. புதுசு கேட்டா துரை வாங்கிக் குடுத்துடுவாராக்கும்?"

அங்கம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். முகம் வெளிறிப்போயிற்று. "அந்த நெரை மங்கா? எங் கட்டிலுக்கா வச்சீங்க?"

"ஏன், ஒனக்குத் தங்கத்துல வைக்கணுமா?"

"அக்கா, மங்கு இருக்கற மரத்துலதான நாம வெட்டுவோம்? மங்கு இல்லாத மரத்தத் தாண்டித்தான போவோம்?"

துடைப்பத்தின் சத்தம் நின்றது. கிருஷ்ணம்மா கட்டிலை ஒவ்வொரு மூலையாகத் தூக்கிப் பிடித்தாள். ஐலீன் நான்கு கால்களுக்கும் அடியிலிருந்த மங்குகளை உருவி எடுத்துப் பின்வாசலுக்குக் கொண்டுபோனாள். அம்மிக்கல்லால் கிருஷ்ணம்மா ஒவ்வொன்றாக நொறுக்கினாள். சில்லுகளை மழைத் தண்ணீர் ஓடும் சாக்கடையில் தள்ளினார்கள்.

"எறும்பு ஏறும் மிஸ்ஸி."

"ஏறட்டும். கடிச்சா மருந்து போடறேன்."

அப்போதுதான் அங்கம்மா முதல்முறையாகச் சிரித்தாள். கைக்கட்டை அவிழ்த்ததும் மணிக்கட்டுகளைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, கஞ்சியைக் கடைசிவரை குடித்தாள். கிருஷ்ணம்மா தன் அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ஐலீன் தன் சிறு மேசையையும் விளக்கோடு கட்டிலோரம் நகர்த்தி வைத்து, முக்காலியில் உட்கார்ந்து, அங்கம்மாவின் இரண்டு கைகளையும் தன் இரண்டு கைகளுக்குள் வாங்கிக்கொண்டாள். பால் வெட்டிக் காய்த்துப்போன, சூடான, உயிருள்ள கைகள்.

"மழ பெஞ்சிக்கிட்டே இருந்தா வராது மிஸ்ஸி. பட்ட நனஞ்சா பால் வெட்டமுடியாதில்ல?"

மழை பெய்துகொண்டே இருந்தது. தகரக் கூரையில் கொட்டும் சத்தத்தில் மற்ற நோயாளிகளின் இருமல்கூடக் கேட்கவில்லை. அங்கம்மா மகளைப் பற்றிப் பேசினாள், சோற்றை விட்டு மண்ணைத்தான் தின்கிறாள் என்று திட்டினாள், திட்டிக்கொண்டே தூங்கிப்போனாள். இத்தனை நாளில் அவள் தூங்கியது அதுதான் முதல் தடவை. தூக்கம், நல்லது, என்று ஐலீன் மனதுக்குள் குறித்துக்கொண்டாள். கை மரத்துப்போயிற்று. விடவில்லை.

வேலைக்கு ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. அப்போது மழை நின்றது.

ஒரேயடியாக நின்றது. கூரையின் இரைச்சல் அறுந்து, அந்த இடத்தில் இலைகளிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் தங்கியது. பிறகு அதுவும் குறைந்தது. ஈர மண்ணின் வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

அங்கம்மா கண்ணைத் திறந்தாள்.

வெளியே, மரங்களுக்கு நடுவில், வெறுங்கால் சருகை மிதித்தது. சில அடிகள். நின்றது. சரக் என்று ஒரு சீவல். மறுபடி சில அடிகள். நின்றது. சரக். பால் வெட்டுகிறவர்களின் நடை. தோட்டத்துக்குப் பக்கத்தில் வாழும் எவருக்கும் பழகிய சத்தம்தான். ஆனால் இன்னும் பெரட்டே கூடவில்லை. காட்டுக்குள் விளக்கு ஒன்றும் இல்லை.

"கேக்குதா மிஸ்ஸி?"

"கேக்குது," என்றாள் ஐலீன். மறுக்கவில்லை. இந்த முறை ஒத்துப்போகவும் செய்தாள்.

படியேறியது. பலகைத் தரையில் ஈரக்கால். முதல் கட்டிலுக்கு முன்னால் நின்றது. பால் டின்னைப் பார்ப்பதுபோல ஒரு கணம். தாண்டியது. அடுத்த கட்டில். நின்றது. தாண்டியது. யாரும் தெரியவில்லை. விளக்கின் சுடர் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒருபக்கம் சாய்ந்தது. புளித்த பால் வாடை கெட்டியாகி, வாயில் ருசியாகவே ஒட்டிக்கொண்டது. அங்கம்மாவின் நகமில்லாத விரல்கள் ஐலீனின் புறங்கையில் அழுந்தின.

கடைசிக் கட்டில்.

நின்றது.

நெடுநேரம் நின்றது. கட்டிலின் கால்களை ஒவ்வொன்றாகத் தேடுவதுபோலத் தரையை ஒட்டி ஒரு குளிர் நகர்ந்தது. இந்தக் கால். அந்தக் கால். ஒன்றும் இல்லை.

குளிர் விலகியது. விளக்கு நிமிர்ந்தது.

"போயிடுச்சு," என்று அங்கம்மா மூச்சை விட்டாள். கண்ணீர் காதுக்குள் வழிந்தது. "தாண்டிப் போயிடுச்சு மிஸ்ஸி."

ஐலீனும் மூச்சை விட்டாள். சரியாகத்தான் செய்திருக்கிறோம். ஒரு தடவையாவது எதுவும் விட்டுப்போகாமல் செய்திருக்கிறோம். நிம்மதியாகத் தலையைத் திருப்பி மேசையைப் பார்த்தாள்.

தெர்மாமீட்டர்கள் மேசைமேல் வரிசையாகக் கிடந்தன. துடைத்து. ஈரமில்லாமல். அவள் வைப்பதைப் போலவே ஒழுங்காக.

அவை நின்றிருந்த மங்கு அங்கே இல்லை.

அன்றைக்குக் கிருஷ்ணம்மா முந்தானையில் போட்டுக் கொண்டுவந்தது ஐந்து. நான்கு கட்டிலுக்கு. ஒன்று மிஸ்ஸிக்கு. கேட்டு வாங்கியது ஐலீனேதான்.

குனிந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. இடது பாதத்தின் ஓரமாக மண் மங்கின் விளிம்பு உரசியது. காலை இழுத்தாள். வரவில்லை. உள்ளங்கால் பலகையோடு, பலகைக்குக் கீழே மண்ணோடு, எங்கோ ஆழத்தோடு பிடித்துக்கொண்டிருந்தது. எதிரே, மிகக் கிட்டத்தில், யாரோ குத்தவைத்து உட்கார்ந்த மூச்சு.

முழங்காலுக்குக் கீழே, இடப்பக்கத்தில், சில்லென்று ஒரு முனை வந்து நின்றது.

கையை விட்டால் தட்டிவிடலாம். மங்கைத் தூக்கி எறியலாம். விரல்கள் தாமாகவே தளர்ந்தன. அந்த நேரம் வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. டிரெஸர். ஒரு நிமிஷம் கை விட்டாலும். அங்கம்மாவைத்தான் சொல்வார். மிஸ்ஸியின் காலையே கீறிவிட்டாள் என்பார். ரயில். தவழ்கிற பிள்ளை.

ஐலீன் அங்கம்மாவின் கைகளை இறுக்கிப் பிடித்தாள். பிடித்தபடியே கட்டிலுக்கு மேலே, விளக்கு படும்படி உயர்த்தினாள்.

"சார்," என்று கூப்பிட்டாள். குரல் உடைந்தது. மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை வார்டு முழுக்கக் கேட்டது. "உள்ள வாங்க சார். விளக்கத் தூக்கிப் பாருங்க. நாலு கையும் இங்க இருக்கு. எண்ணிக்கோங்க."

கிரகோரி அரிக்கேன் விளக்கைத் தூக்கினார். உயர்ந்து நின்ற கைகளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் பார்வை கீழே இறங்கியது. வாய் திறந்தபடியே நின்றது.

"நல்லா பாருங்க சார். கண்ணத் திருப்பாதீங்க. டாக்டர்கிட்ட நீங்களும் சொல்லணும்."

ஐலீனின் வெள்ளைக் காலுறை இடது மேலிருந்து வலது கீழாக, அவசரமில்லாமல், தானாகவே பிளந்துகொண்டு வந்தது. அதற்கடியில் தோல் நூலளவுக்குச் சீவப்பட்டுச் சுருண்டு விழுந்தது. சிவப்பு வரவில்லை. கோடு முழுக்க முத்துமுத்தாக வெள்ளை அரும்பி, ஒன்றாகச் சேர்ந்து, சாய்வில் வழிந்து, மங்கில் சொட்டியது.

தூரத்தில் பெரட்டு மணி அடித்தது. அவள் கையை விடவில்லை. மங்கு நிறைந்துகொண்டிருந்தது.